பக்கத்தில் நிற்பவர்: பொதுவெளிச் சீண்டலும் முன்பின் தெரியாதவர்மீதான நம்பிக்கையும்

1. கேள்வி

பொது இடங்களில் பெண்கள் சீண்டப்படுவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1998 முதல் தனிச் சட்டம் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் சென்னை எழும்பூரில், ஆட்டோவில் வந்த ஒரு கும்பலின் சீண்டலுக்கு ஆளான கல்லூரி மாணவி கீழே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனார். நகரம் கொந்தளித்தது. அரசு அவசர அவசரமாகச் சட்டம் கொண்டுவந்தது. ஈவ் டீசிங் தடைச் சட்டம் என்று முதலில் அழைக்கப்பட்ட அது, பிறகு பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டம் எனப் பெயர் மாறியது. ஓராண்டு வரை சிறை என்று தொடங்கிய தண்டனை, 2025 ஜனவரியில் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தத்தால் ஐந்தாண்டு வரை உயர்ந்திருக்கிறது. இடையில், 2012 டிசம்பரில் டெல்லியில் ஓடும் பேருந்தில் நடந்த கொடூரமான கூட்டு வல்லுறவைத் தொடர்ந்து நீதிபதி வர்மா குழு அறிக்கை அளித்தது. 2013-ல் இந்திய தண்டனைச் சட்டத்தில் பாலியல் தொந்தரவும் பின்தொடர்தலும் தனிக் குற்றங்களாகச் சேர்ந்தன. 2024 ஜூலை முதல் அவை பாரதிய நியாய சன்ஹிதாவின் 75, 78 ஆம் பிரிவுகளாகத் தொடர்கின்றன.

ஆக, சட்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் நெரிசலான பேருந்தில் ஒருவன் வேண்டுமென்றே உரசும்போது, அந்தப் பெண் முதலில் செய்வது என்ன? சட்டத்தை நினைப்பதில்லை. கைப்பையை முன்னால் இழுத்து மாட்டிக்கொள்கிறாள். முடிந்தால் இரண்டடி நகர்கிறாள். முடியாவிட்டால் அடுத்த நிறுத்தத்தில் இறங்கி வேறு பேருந்துக்குக் காத்திருக்கிறாள். சிலர் ஊக்கு வைத்திருக்கிறார்கள். அம்மாவோ அக்காவோ சொல்லிக்கொடுத்தது அது. சுற்றிலும் அறுபது பேர் இருக்கிறார்கள். அந்த அறுபது பேரில் ஒருவரிடம்கூட, “இந்த ஆள் தொந்தரவு பண்றான்” என்று சொல்லலாம் என அவளுக்குத் தோன்றுவதில்லை.

இந்தக் கட்டுரையின் கேள்வி இதிலிருந்துதான் எழுகிறது. சீண்டலைப் பற்றிப் பேசும்போது நாம் சீண்டுபவனையும் சீண்டப்படுபவளையும் மட்டுமே பேசுகிறோம். மூன்றாவதாக ஒரு தரப்பு உண்டு: பக்கத்தில் நிற்பவர். அவர்மீது அந்தப் பெண்ணுக்கு நம்பிக்கை ஏன் இல்லாமல்போனது? இதுவரை நாம் கண்டுபிடித்த தீர்வுகள் அந்த நம்பிக்கையைக் கட்டினவா, இன்னும் இடித்தனவா?

2. தெரியாதவரை நம்பும் பழக்கம்

நகர வாழ்க்கை முழுக்க, பெயர் தெரியாதவர்மீதான நம்பிக்கையில்தான் ஓடுகிறது. இதற்கு நம் ஊர்ப் பேருந்தைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. கூட்டம் நிரம்பிய சென்னைப் பேருந்தில் நடத்துநர் தன் இருக்கையை விட்டு நகர முடியாது. முன் படிக்கட்டில் ஏறியவர் இருபது ரூபாய்த் தாளை முன்னால் நிற்பவரின் தோளைத் தொட்டுக் கொடுக்கிறார். “சைதாப்பேட்டை ஒண்ணு.” தாள் ஐந்தாறு கைகள் மாறி நடத்துநரிடம் போய்ச் சேர்கிறது, பயணச்சீட்டும் மீதிச் சில்லறையும் அதே கைகளின் வழியாகத் திரும்பிவருகின்றன. நடுவில் யாரும் எடுத்துக்கொள்வதில்லை. யாராவது எடுத்துக்கொள்வாரோ என்று கொடுத்தவரும் பதறுவதில்லை. அந்தக் கைகளில் ஒன்று தவறு செய்தால் மற்ற ஐந்தும் கேட்கும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

அதே பேருந்தில், அதே கைகளுக்கு நடுவில், பெண்ணின் உடலுக்கு அந்தக் காவல் இல்லை. பத்து ரூபாய்ச் சில்லறை குறைந்தால் குரல் கொடுக்கிற பேருந்து, ஒரு பெண் நெளிவதைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்கிறது. இதைத் தமிழர்களின் தனிக்குணம் என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் நம்மிடம் நம்பிக்கையே இல்லை என்று சொல்பவர்கள் இந்தச் சில்லறைப் பயணத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். நம்பிக்கை இருக்கிறது. அது எதைக் காக்க வேண்டும், எதைக் கண்டுகொள்ள வேண்டாம் என்பதில்தான் சிக்கல்.

சமூகவியலில் இதைப் பற்றிய சிந்தனை 1960-களில் தீவிரமாகத் தொடங்கியது. எர்விங் கோஃப்மன் 1963-ல் எழுதிய நூலில், பொது இடத்தில் தெரியாத இருவர் ஒருவரையொருவர் பார்த்தும் பார்க்காததுபோலக் கடந்துபோகும் நாகரிகத்தை விளக்கினார். ‘நீ இருப்பதை அறிவேன், உன்னைத் தொந்தரவு செய்ய மாட்டேன்’ என்ற வாய்பேசா உடன்படிக்கை அது. அதற்கு ஈராண்டு முன்பு ஜேன் ஜேக்கப்ஸ், தெருவைக் காப்பது முதன்மையாகப் போலீஸ் அல்ல, கடைக்காரர்களும் வீட்டு வாசலில் நிற்பவர்களும் தெருமீது வைத்திருக்கும் கண்கள்தான் என்று வாதாடியிருந்தார்.

இரண்டிலும் ஒரு இடைவெளி உண்டு. 1995-ல் பொதுவெளித் தொந்தரவு பற்றி விரிவாக ஆராய்ந்த கேரல் புரூக்ஸ் கார்ட்னர் அதைச் சுட்டிக்காட்டினார். கோஃப்மன் சொன்ன அந்த நாகரிக உடன்படிக்கை பெண்களுக்கு எப்போதுமே முழுதாக நிறைவேற்றப்பட்டதில்லை. பெண்ணை வெறிப்பதும், அவள் உடையையும் நடையையும் பற்றிக் கேட்கும்படி சொல்வதும், விசிலடிப்பதும் ஆணுக்கு வழங்கப்பட்ட உரிமையாகவே நடந்துவந்திருக்கின்றன. ஜேக்கப்ஸின் கண்களைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்க வேண்டும். தேநீர்க் கடை வாசலில் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் கண்கள் தெருவைக் காக்கின்றனவா? அல்லது பள்ளிக்கூடம் போகும் பெண்ணைத் தினமும் எடைபோடுகின்றனவா? எத்தனை கண்கள் என்பதைவிட, அவை யாருடைய கண்கள், யாருக்குப் பொறுப்பானவை என்பது முக்கியம்.

3. சீண்டல் எதைப் பறிக்கிறது

சீண்டலால் வரும் இழப்பை அந்த நொடியின் அவமானமாக மட்டும் பார்ப்பது போதாது. பொருளாதார அறிஞர் கிரிஜா போர்கர் டெல்லிப் பல்கலைக்கழக மாணவர்களைப் பற்றிச் செய்த ஆய்வு, இழப்பின் ஆழத்தைக் காட்டுகிறது. பாதுகாப்பான வழித்தடம் கிடைக்கும் என்றால், தரவரிசையில் மேலே உள்ள கல்லூரியை விட்டுவிட்டுக் கீழ்ப்பாதியில் உள்ள கல்லூரியைத் தேர்ந்தெடுக்கவும் மாணவிகள் தயாராக இருக்கிறார்கள் என்று அந்த ஆய்வு கண்டது. ஆண்களிடம் இந்தப் போக்கு இவ்வளவு இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் இரவு பகலாகப் படித்து வாங்கிய மதிப்பெண்ணை, ஒரு பேருந்துத் தடத்துக்காகப் பெண்கள் கைவிடுகிறார்கள் என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டு வீடுகளில் இந்தக் கணக்கு வேறு வடிவத்தில் நடக்கிறது. பேருந்து நிறுத்தத்தில் ஒருவன் தினமும் வழிமறிக்கிறான் என்று ஒரு மாணவி வீட்டில் சொன்னால், பெரும்பாலும் என்ன நடக்கும் என்பது அவளுக்கே தெரியும். “படிச்சது போதும், இனிமே போகவேணாம்.” சீண்டியவனுக்குக் கிடைக்க வேண்டிய தண்டனை அவளுக்குக் கிடைக்கிறது. எனவே அவள் சொல்வதில்லை. வீட்டில் சொல்ல முடியாததை அவள் காவல் நிலையத்தில் எப்படிச் சொல்வாள்? பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாதவரிடம் எப்படிச் சொல்வாள்? தெருவில் காணும் மௌனத்துக்கு வீடுதான் முதல் பள்ளிக்கூடம் என்று நான் நினைக்கிறேன்.

மும்பையை மையமாக வைத்து ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் 2011-ல் வெளியிட்ட ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூல் இந்த விவாதத்தில் ஒரு திருப்பம். பாதுகாப்பு என்ற பெயரில் பெண்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் கட்டுப்பாடே என்பது அவர்கள் வாதம். பெண் வெளியே இருக்க வேண்டுமென்றால் அவளுக்கு ஒரு காரணம் இருக்க வேண்டும்: வேலை, கல்லூரி, கோயில், குழந்தையின் பள்ளி. காரணமில்லாமல் ஒரு பூங்காவில் உட்கார்ந்திருக்க ஆணுக்கு முடிகிறது, அவளுக்கு முடிவதில்லை. இதில் இன்னொரு கூர்மையான கவனிப்பும் உண்டு. பெண்ணைக் காப்பதாகச் சொல்லும் பேச்சு, ஆபத்தானவன் யார் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிடுகிறது. ஏழை, சேரிக்காரன், வேற்று மதத்தான், வெளிமாநிலத் தொழிலாளி என்று விரல் நீள்கிறது.

இந்த இடத்தில் புள்ளிவிவரங்கள் வேறு கதை சொல்கின்றன. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கைகளைப் பார்த்தால், இந்தியாவில் பதிவாகும் பாலியல் வல்லுறவு வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவற்றில் குற்றம்சாட்டப்பட்டவர் அந்தப் பெண்ணுக்குத் தெரிந்தவர்தான். உறவினர், பக்கத்து வீட்டுக்காரர், நண்பர், திருமணம் செய்வதாகச் சொன்னவர். பதிவான வழக்குகளை மட்டும் வைத்து எல்லாவற்றையும் முடிவுசெய்ய முடியாது என்பது சரியே. தெருவில் நடக்கும் சீண்டல் பெரும்பாலும் பதிவாவதே இல்லை. ஆயினும், ‘வெளியே போனால் ஆபத்து, வீட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு’ என்ற நம்பிக்கைக்கு இந்த எண்கள் இடம் தரவில்லை. தெரியாதவரைப் பற்றிய அச்சம் உண்மையான அனுபவத்தில் பிறக்கிறது. ஆனால் அதை ஊதி வளர்ப்பதில் குடும்பத்துக்கும் சாதிக்கும் ஆதாயம் இருக்கிறது. மகள் வெளியே யாரோடும் பழகாமல் இருந்தால் அவள் தேர்வும் தங்கள் கையில் இருக்கும் என்று நினைக்கும் வீடுகள் நம்மிடம் ஏராளம்.

1998-ன் சட்டம் ஒரு கல்லூரி மாணவியின் சாவிலிருந்து பிறந்தது என்பதையும் இதோடு சேர்த்து யோசிக்க வேண்டும். விடியுமுன் பூ வாங்கக் கோயம்பேடு போகும் பெண்கள், குப்பை அள்ளும் தூய்மைப் பணியாளர்கள், நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கிவிட்டு இரவு எட்டு மணிக்குத் திரும்புகிறவர்கள், திருநங்கையர் ஆகியோர் நாள்தோறும் தெருவில் கேட்கும் வார்த்தைகள் எந்தச் சட்டத்தையும் பிறப்பிக்கவில்லை. யாருடைய துன்பம் நகரத்தைக் கொந்தளிக்கவைக்கிறது என்பதிலும் வர்க்கமும் சாதியும் இருக்கின்றன.

4. ஏன் யாரும் கேட்பதில்லை

2016 ஜூன் 24 காலை, நுங்கம்பாக்கம் ரயில் நிலைய நடைமேடையில் ஒரு மென்பொறியாளர் பலர் கண்ணெதிரே வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் உடல் மணிக்கணக்கில் அங்கேயே கிடந்தது. நிலையத்தில் கண்காணிப்புக் கேமரா இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து கேள்வி எழுப்பியது. சில நாட்களுக்கு முன்பே அதே நிலையத்தில் அவரை ஒருவர் அறைந்ததைப் பார்த்ததாக ஒரு சாட்சி பின்னர் ஊடகங்களிடம் சொன்னார். கொலையாளி யார் என்று தெரிவதற்குள்ளாகவே, அவன் இன்ன மதத்தவன் என்று ஒரு பொய் சமூக ஊடகங்களில் பரவியது. கைதானவர் அந்த ஆண்டு செப்டம்பரில் புழல் சிறையில் இறந்துபோனதால், வழக்கு முழு விசாரணைக்கு வராமலேயே முடிந்தது.

அந்த நாட்களில் பத்திரிகைகளில் அதிகம் எழுதப்பட்டது, பார்த்துக்கொண்டு நின்றவர்களின் ஈரமின்மை பற்றித்தான். இந்தக் குற்றச்சாட்டுக்கு உலகம் முழுவதும் ஒரு முன்கதை உண்டு. 1964-ல் நியூயார்க்கில் ஒரு பெண் கொல்லப்பட்டபோது, 38 பேர் பார்த்தும் யாரும் அசையவில்லை என்று ‘நியூயார்க் டைம்ஸ்’ எழுதியது. அதைத் தொடர்ந்து பிப் லட்டானேயும் ஜான் டார்லியும் 1968-ல் வெளியிட்ட சோதனைகள், சுற்றியிருப்பவர் எண்ணிக்கை கூடக் கூட ஒருவர் உதவிக்கு வரும் வாய்ப்பு குறைகிறது என்றன. கல்லூரிப் பாடப்புத்தகங்கள் அரை நூற்றாண்டாக இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவந்தன. ஆனால் அந்த 38 பேர் கதை மிகைப்படுத்தப்பட்டது என்று பின்னாளில் ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நாளேடே அதை ஒப்புக்கொண்டது.

இன்னும் முக்கியமான மறுப்பு 2019-ல் வந்தது. ரிச்சர்ட் பில்பாட்டும் சக ஆய்வாளர்களும் இங்கிலாந்தின் லங்காஸ்டர், நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம், தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் ஆகிய மூன்று நகரங்களின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளில் 219 தெருச் சச்சரவுகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பது நிகழ்வுகளில் குறைந்தது ஒருவராவது தலையிட்டிருந்தார். ஆட்கள் அதிகம் இருந்த இடத்தில் யாராவது ஒருவர் தலையிடும் வாய்ப்பும் அதிகமாகவே இருந்தது.

இந்த ஆய்வை அப்படியே பெண்கள்மீதான சீண்டலுக்குப் பொருத்திவிட முடியாது என்பது என் கருத்து. தெருச் சண்டை எல்லோர் கண்ணுக்கும் தெரியும். சீண்டல் அப்படியல்ல, அது தற்செயல்போலத் தோன்றும்படியே செய்யப்படுகிறது. பேருந்து பிரேக் போட்டதும் சாய்கிறவன், உண்மையிலேயே சாய்ந்தானா என்பது அவனுக்கும் அவளுக்கும் மட்டுமே தெரியும். பின்தொடர்கிறவன் பேசும் விதம், பார்ப்பவருக்குக் காதலர் சண்டையாகவும் குடும்பத் தகராறாகவும் தோன்றுகிறது. ‘அவங்களுக்குள்ள ஏதோ’ என்று கடந்துபோவது அதனால்தான். கதாநாயகன் துரத்தித் துரத்திக் காதலிப்பதைப் பல பத்தாண்டுகளாகக் கொண்டாடிவந்த தமிழ் சினிமாவுக்கு இந்தக் குழப்பத்தில் பெரிய பங்குண்டு. மறுக்கிற பெண்ணின் பின்னால் ஒருவன் நடப்பதைப் பார்க்கிற கண்ணுக்கு, அது குற்றம் என்று தோன்றாதபடி பழக்கிவிட்டது அது.

இன்னொரு காரணம் வெறும் பயம். அதை இகழக் கூடாது. 2011 அக்டோபரில் மும்பை அந்தேரியில், தங்களுடன் வந்த பெண்களைச் சீண்டியவர்களைத் தட்டிக்கேட்ட இரு இளைஞர்கள் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார்கள். கொன்ற நால்வருக்கு 2016-ல்தான் ஆயுள் தண்டனை கிடைத்தது. தட்டிக்கேட்பவர் கத்திக்குத்துக்கு மட்டும் அஞ்சுவதில்லை. காவல் நிலையத்தில் இரவு முழுக்க உட்கார வேண்டும், வேலைக்கு விடுப்பு எடுக்க வேண்டும், ஆண்டுக்கணக்கில் நீதிமன்றத்துக்கு நடக்க வேண்டும். கூலிக்குப் போகிறவருக்கு ஒரு நாள் நீதிமன்றம் என்பது ஒரு நாள் சாப்பாடு. பக்கத்தில் நிற்பவரின் மௌனத்தை அவரது மனசாட்சிக் குறைவாக மட்டும் படிக்கிற எழுத்துகளோடு எனக்கு உடன்பாடில்லை. பேசினால் பின்னால் யார் நிற்பார்கள் என்று அவருக்கும் தெரியவில்லை. அந்தப் பெண்ணைப் போலவே அவரும் சுற்றியிருப்பவர்களை நம்பவில்லை.

5. பிரித்தல், பதிவுசெய்தல், தண்டித்தல்

இதுவரை அரசுகள் கையாண்ட வழிகளை இந்த மூன்றுக்குள் அடக்கலாம்.

பிரித்தல் பழையது. புறநகர் ரயிலில் மகளிர் பெட்டி, பேருந்தில் மகளிர் இருக்கைகள். இவற்றால் கோடிக்கணக்கான பெண்கள் வேலைக்கும் கல்லூரிக்கும் போக முடிந்திருக்கிறது. யாரும் இவற்றைக் குறைசொல்லி ஒதுக்கிவிட முடியாது. ஆனால் இவற்றுக்கு ஒரு பக்கவிளைவு இருக்கிறது. பொதுப்பெட்டியில் ஏறிய பெண் சீண்டப்பட்டால், “மகளிர் பெட்டியில ஏறியிருக்கலாமே” என்ற கேள்வி அவளிடமே வருகிறது. பிரித்த இடம் அவளுடையது என்றால், மிச்ச இடம் முழுக்க ஆண்களுடையது என்ற எண்ணம் உறுதிப்படுகிறது.

பதிவுசெய்தல் புதியது. அந்த டெல்லிக் கொடூரத்துக்குப் பின் உருவான நிர்பயா நிதியில் 2022 முதல் சென்னையின் மாநகரப் பேருந்துகளில் கேமராக்களும் அவசரப் பொத்தான்களும் பொருத்தப்பட்டன. நடந்ததற்குச் சாட்சியாக இவை உதவும். நடக்கும்போது, பொத்தானை அழுத்தியபின் யார் என்ன செய்கிறார் என்பதைப் பொறுத்தே இவற்றின் மதிப்பு.

தண்டித்தலைப் பற்றி யோசிக்க, கடலுக்கு அப்பால் பார்ப்பது உதவும். இலங்கை 1995-லேயே தன் தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவைத் திருத்தி, பாலியல் தொந்தரவுக்கு ஐந்தாண்டு வரை சிறை என்று விதித்துவிட்டது. தமிழ்நாடு 2025-ல் வந்து சேர்ந்த இடம் அது. ஐக்கிய நாடுகள் மக்கள்தொகை நிதியம் இலங்கையின் 25 மாவட்டங்களிலும் நடத்தி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், பேருந்திலும் ரயிலிலும் தொந்தரவுக்கு ஆளானதாகச் சொன்ன பெண்கள் 90 சதவீதம். போலீசில் புகார் செய்தவர்கள் 4 சதவீதம் மட்டுமே. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் மலையகத்திலும் பேருந்தேறும் தமிழ்ப் பெண்களும் இந்த 90-க்குள் இருக்கிறார்கள். மொழி தெரியாத காவல் நிலையத்தில் புகார் சொல்வது அவர்களுக்கு இரட்டைச் சுமை. இருபது ஆண்டுக்கு மேலாகச் சட்டப்புத்தகத்தில் இருந்த ஐந்தாண்டுச் சிறை, அந்தப் பெண்களைக் காவல் நிலையப் படியேறவைக்கவில்லை. தண்டனையின் அளவை உயர்த்திக்கொண்டே போவது, புகாரே வராத இடத்தில் எதையும் மாற்றாது. சில நேரங்களில் எதிர்விளைவும் உண்டு: ‘ஒரு உரசலுக்காக ஒருத்தன் வாழ்க்கையே போகணுமா?’ என்று சாட்சி பின்வாங்குகிறார்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்றுதான் என் பார்வையில் அண்மைக் காலத்தில் நடந்தவற்றில் பெரியது. 2021 மே மாதம் முதல் தமிழ்நாட்டின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. இது சீண்டலைத் தடுக்கும் திட்டமாக அறிவிக்கப்படவில்லை. பொருளாதார உதவியாகவே பேசப்படுகிறது. ஆனால் பேருந்துக்குள் என்ன மாறியிருக்கிறது என்று கவனியுங்கள். பெண்கள் இடப்பக்க இருக்கைகளோடு நிற்காமல் வண்டி முழுக்க இருக்கிறார்கள். கல்லூரி மாணவி ஒருத்தி நெளிவதைப் பார்த்து, மடியில் காய்கறிப் பையோடு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண், “இப்படி உள்ள வாம்மா, எங்கிட்ட நில்லு” என்று கையைப் பிடித்து இழுத்துக்கொள்கிறார். பிறகு பின்னால் நிற்பவனைப் பார்த்து ஒரே வார்த்தை: “என்ன?” அதோடு முடிந்தது. அந்தப் பெண்மணி எந்தச் சட்டப் பிரிவையும் சொல்லவில்லை. மாணவியின் பெயரையும் கேட்கவில்லை. பொதுவெளியில் பெண்கள் எண்ணிக்கையில் கூடும்போது, தெருவின் கண்கள் யாருடையவை என்பதே மாறுகிறது. அதே திட்டத்தை வைத்து ‘ஓசி டிக்கெட்’ என்று பெண்களை இழிவுபடுத்தும் பேச்சு எழுந்ததையும் மறக்கக் கூடாது; இடம் கைமாறும்போது எழும் எரிச்சல் அது.

6. சட்டத்தின் இன்னொரு பாதி

1998 சட்டத்தைத் தண்டனைச் சட்டமாகவே எல்லோரும் அறிவார்கள். அதில் இன்னொரு பாதி உண்டு. கல்வி நிலையம், கோயில், திரையரங்கு, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களுக்குப் பொறுப்பானவர்கள் சீண்டலைத் தடுக்க நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று அது கடமை விதிக்கிறது. ஓடும் பேருந்தில் ஒரு பெண் புகார் சொன்னால், ஓட்டுநரும் நடத்துநரும் வண்டியை அருகிலுள்ள காவல் நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது. அதாவது, பக்கத்தில் நிற்பவரை வெறும் பார்வையாளராக அந்தச் சட்டம் விடவில்லை. 2025 வரை தண்டனைப் பாதியைப் பற்றியே பேச்சு. இந்தக் கடமைப் பாதியைத் தூக்கிப்பிடித்த பொதுவிவாதம் எதுவும் என் நினைவில் இல்லை.

நீதிமன்றம் ஒருமுறை தூக்கிப்பிடித்தது. தென்காசிப் பேருந்து நிலையத்தில் 1999-ல் ஓர் இரவு, பேருந்துக்குக் காத்திருந்த ஒரு பெண்ணிடம் காவலர் ஒருவரே தவறாக நடந்துகொண்டதாகப் புகார். குற்றவியல் வழக்கில் புகார்த் தரப்பே பிறழ்சாட்சியானதால் அவர் விடுதலையானார். துறை விசாரணையில் பணிநீக்கம் செய்யப்பட்டார். அந்தப் பணிநீக்கத்தை 2012 நவம்பர் 30 அன்று உறுதிசெய்த உச்ச நீதிமன்றம், நாடு முழுவதற்கும் சில உத்தரவுகளைப் பிறப்பித்தது. பேருந்து நிலையம் முதல் கடற்கரை வரை சாதாரண உடையில் பெண் போலீஸ், கேமரா, எச்சரிக்கைப் பலகை, உதவி எண். வண்டியைக் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகாவிட்டால் உரிமம் ரத்து. இவற்றோடு, வழிப்போக்கரும் தாம் கண்டதைக் காவல் நிலையத்துக்கோ உதவி எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த வழக்கையே எடுத்துக்கொள்ளுங்கள்: அத்துமீறியவர் சீருடைக்காரர் என்கிறபோது, புகார் சொன்னவர்கள் கடைசிவரை நிற்க முடியவில்லை. அவர்கள் பின்னால் நிற்க யாரும் இருக்கவில்லை.

2022 ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தியது. வெறித்துப் பார்ப்பது, விசிலடிப்பது, கண்ணடிப்பது, பாட்டுப் பாடிச் சீண்டுவது, செல்போனில் படமெடுப்பது ஆகியவற்றைச் செய்யும் பயணியை இறக்கிவிடவோ போலீசில் ஒப்படைக்கவோ நடத்துநருக்கு அதிகாரம் தந்தது. ஏறி இறங்க உதவுவதாகச் சொல்லிப் பெண்களைத் தொடும் நடத்துநருக்கும் அது பொருந்தும். சரியான திசை இது. ஆனால் நடத்துநர் வண்டியை நிறுத்தினால் நேரம் தவறும், வசூல் குறையும், பணிமனையில் கேள்வி வரும். அவருக்கு அந்த நேரத்தை நிர்வாகம் விட்டுக்கொடுக்கிறதா என்பதில்தான் விதியின் உயிர் இருக்கிறது.

விபத்தில் அடிபட்டவரைத் தூக்கிப்போகிறவருக்கும் முன்பு இதே தயக்கம் இருந்தது. மருத்துவமனையும் போலீசும் அவரையே குடைந்தெடுக்கும் என்ற பயம். 2016-ல் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்பு அளித்தது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது சேர்ந்தது. பெயரைச் சொல்லக்கூட அவரைக் கட்டாயப்படுத்த முடியாது. சீண்டலைத் தட்டிக்கேட்டவருக்கு இதற்கு ஈடான பாதுகாப்பு இல்லை. 2018-ன் சாட்சிப் பாதுகாப்புத் திட்டம் பெண்களின் மானத்துக்கு எதிரான குற்றங்களையும் உள்ளடக்கியதுதான். ஆனால் அது வழக்கில் சாட்சியானவர் விண்ணப்பித்துப் பெற வேண்டியது. பேருந்தில் ஒரு வார்த்தை கேட்டவருக்கு எட்டாதது.

பெங்களூரில் ஜாஸ்மீன் பதேஜா 2003-ல் தொடங்கிய ‘பிளாங்க் நாய்ஸ்’ அமைப்பு, இந்த நம்பிக்கையைத் தெருவிலிருந்தே கட்ட முயன்றது. பெண்கள் போகவே அஞ்சும் ஒரு சாலையில் மேசை நாற்காலி போட்டு, வழிப்போவோரை உட்காரவைத்துத் தேநீரோடு பேசினார்கள். பூங்காக்களில் பெண்கள் ஒன்றுகூடிப் படுத்துறங்கினார்கள். துணிச்சலான முயற்சிகள், மதிக்கிறேன். என் தயக்கம் ஒன்றே. முதலில் நம்ப வேண்டியவள் பெண் என்று இதையும் யாராவது படித்துவிடக் கூடாது. இத்தனை அனுபவத்துக்குப் பிறகு பெண்கள் அந்நியரை நம்பாமல் இருப்பது நோயல்ல, அறிவு. நம்பத் தகுந்தவராக நடக்கும் கடமை அந்நியருக்கும், அவரை அப்படி நடக்கவிடும் கடமை நிர்வாகத்துக்கும் உரியது.

ஆகவே அடுத்த முறை ஒரு கொடுமை நடந்து தண்டனையை உயர்த்தும் கோரிக்கை எழும்போது, வேறு மூன்றைக் கேட்போம். புகார் வந்ததும் காவல் நிலையத்துக்குத் திருப்பிய பேருந்துகள் எத்தனை, கடமை தவறிய எத்தனை பொறுப்பாளர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டது என்ற கணக்கைப் போக்குவரத்துத் துறையும் காவல் துறையும் ஆண்டுதோறும் வெளியிடட்டும். புகாருக்காக வண்டியை நிறுத்திய நடத்துநரின் தாமதம் அவர் பணிக்குறையாகக் கொள்ளப்படாது என்று எழுத்தில் ஆணை வரட்டும். தட்டிக்கேட்டவருக்கும் தகவல் சொன்னவருக்கும், விபத்தில் உதவியவருக்கு இருக்கும் அதே பாதுகாப்பைச் சட்டமன்றம் அளிக்கட்டும். அதுவரை காத்திருக்க வேண்டாத ஒன்று நம் கையில் இருக்கிறது. பக்கத்தில் ஒரு பெண் நெளிவதைக் கண்டால், அவளிடம் கேளுங்கள்: “என்னம்மா, ஏதாவது தொந்தரவா?”